வாவிக்கு வட்டவிதானை யார்?

மட்டக்களப்பில் மீன் வளர்ப்பு வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் காலங்கடந்தது. உன்னிச்சையிலும் உறுகாமத்திலும் நவகிரியிலும் குளத்தில் குஞ்சு விட்டு மீன் பிடிக்கிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வாவியை ஒட்டி இறால் பண்ணைகள் இருக்கின்றன. கொடுவாக் கூடும், நண்டு கொழுக்கவைக்கும் பெட்டியும் வாவிக்குள் இறக்கிப் பார்த்தாயிற்று. வடக்கே வாகரைப் பக்கம் இன்னும் பெரிய திட்டங்கள் பேசப்படுகின்றன. அவற்றை எதிர்த்து ஊரவர்கள் பதாகையோடு வீதிக்கும் வந்துவிட்டார்கள். இனிப் பேச வேண்டியது அளவைப் பற்றி. இந்த நீர் எவ்வளவு தாங்கும்? அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? முதற்கேள்விக்கு விடை காணும் வழி விஞ்ஞானத்துக்குத் தெரியும். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய கந்தோர் எது என்று தேடப்போனால்தான் சிக்கல் தொடங்குகிறது.

வாவியின் உடலமைப்பை முதலில் சொல்ல வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பற்றிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பெரும்பகுதி ஆழமில்லாதது, கம்பு ஊன்றித் தோணி தள்ளலாம். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு: ஒன்று நகரத்துக்கு அருகே பாலமீன்மடுவில், மற்றது தெற்கே கல்லாற்றில். கோடையில் பல மாதங்களுக்கு மணல் மேடிட்டு வாய் அடைபடும். வடகீழ்ப் பருவமழை இறங்கி வயல்கள் தாழத் தொடங்கும்போது முகத்துவாரம் தானாக உடையும், அல்லது வெட்டிவிடப்படும். வாய்க்கு அருகே உப்பு, தெற்கே போகப் போகச் சப்பென்ற நீர். தெற்குப் பாதிக்குக் கல்லோயா இடதுகரை வயல்களின் வடிநீரும் வந்து சேர்கிறது. ஆகவே நன்னீர் ஏரியில் மீன் வளர்த்தால் என்ன ஆகும் என்று உலகம் படித்த பாடங்கள் பெரும்பாலும் இங்கே பொருந்தும். கோடையில் வாய் அடைத்த வாவி, தெற்குப் பகுதியைப் பொறுத்தவரை, ஏரிதான். உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும்.

மீன் வளர்ப்பு என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேறு காரியங்களைச் சொல்கிறோம். அவற்றைப் பிரிக்காமல் பேசுவதால் எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒருவரோடொருவர் பேசாமலே சண்டை பிடிக்கிறார்கள்.

முதலாவது, குளத்தில் குஞ்சு விடுவது. திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952இல். அதோடு கட்லா, ரோகு, சாதாரண காப் முதலியவையும் உண்டு. இங்கினியாகலை போன்ற நிலையங்களில் வளர்த்த குஞ்சுகளைக் குளங்களில் விட்டு, ஊர் மீனவர் சங்கங்கள் வலை போட்டுப் பிடிக்கும் முறை இது. 1990இல் அரசாங்கம், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற மதக்காரணம் காட்டி, உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவைக் கைவிட்டது. குஞ்சு நிலையங்கள் முடங்கின. 1994இல் புதிய அரசாங்கம் கொள்கையை மாற்றியது. இந்த நான்கு வருட இடைவெளி உள்நாட்டு மீனவர்களை நொடிக்கவைத்த கதை தனியே எழுத வேண்டியது. இன்று நாட்டில் உள்நாட்டு மீனும் வளர்ப்பு மீனும் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு இலட்சம் தொன். கடலிலிருந்து தூரத்தில் உள்ள படுவான்கரைக் குடும்பம் ஒன்றின் சட்டியில் வாரத்தில் இரண்டு நாள் மீன் கொதிக்கிறதென்றால் அதில் குளத்து மீனுக்குப் பங்குண்டு.

இந்த முறையில் தீனி போடுவதில்லை. குளத்தில் ஏற்கெனவே உள்ள பாசியையும் புழுவையும் தின்றே மீன் வளர்கிறது; பிடிக்கும்போது நீரிலிருந்த சத்துத்தான் வெளியேறுகிறது. திலாப்பியா நாட்டு மீன்களைத் துரத்திவிட்டது என்ற குற்றச்சாட்டு பழையது. முழுதாகத் தள்ளவும் முடியாது, முழுதாக நம்பவும் முடியாது. இலங்கையில் இயற்கை ஏரி கிடையாது. குளங்கள் எல்லாம் மனிதன் கட்டியவை. அணைக்குப் பின்னால் தேங்கிய நீரின் நடுவில் வாழப் பழகிய நாட்டு மீன் இனங்கள் குறைவு. காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் திலாப்பியா குடியேறியது. அதற்காக எந்த அந்நிய மீனையும் விடலாம் என்று ஆகாது. குருநாகல் பக்கத்துத் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அந்நிய விரால் இனமொன்று பெருகி, 2025இல் அதைப் பிடித்தொழிக்கத் தூண்டில் போட்டி வைக்கும் அளவுக்கு மீனவர்கள் அல்லாடினார்கள். மீன்தொட்டி வளர்ப்பில் கண்ணாடி துடைக்க விடும் மீன் இன்று ஆறு குளங்களில் வலையைக் கிழிக்கிறது. இப்படியானவற்றைத் தடுப்பது எளிது. பிடித்து ஒழிப்பது நடவாத காரியம்.

இரண்டாவது, கூட்டு வளர்ப்பு. வலைக்கூட்டை நீரில் தொங்கவிட்டு, மீனை அடைத்து, தீனி போட்டு வளர்ப்பது. இங்கே கணக்கு தலைகீழாகிறது. ஒரு தொன் திலாப்பியா எடுக்க ஏறக்குறைய ஒன்றரைத் தொன் தீனி வேண்டும். தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு பொசுபரசு என்று வைத்தால் 15 கிலோ. அதில் பாதியளவு மீனின் எலும்பிலும் செதிலிலும் தங்கும். மீதி ஏழு எட்டுக் கிலோ எச்சமாகவும் தின்னாத தீனியாகவும் நீருக்குப் போகும். ஒரு கிலோ பொசுபரசு சில நூறு கிலோ பச்சை அல்காவை வளர்க்க வல்லது. பத்துக் கூட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. இருநூறு கூட்டில், வாய் அடைத்த வாவியில், ஆவணி மாதத்து வெயிலில் தெரியும்.

எப்படித் தெரியும் என்பதைப் பண்ணைக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். பகலில் அல்கா ஒட்சிசனைக் கக்கும். இரவில் அதுவும் மூச்சு வாங்கும். அடியில் படிந்த எச்சம் அழுகுவதற்கும் ஒட்சிசன் வேண்டும். கடைசியில் விடியப்புறம் நான்கு மணி, ஐந்து மணிக்கு நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்துபோகும். மீன் மேலே வந்து நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். இறால் குளத்தில் காற்றடிக்கும் சக்கரத்தை இரவு முழுக்க ஓடவிடுவது இதற்காகத்தான். மின்சாரம் போனால் முதலாளி கட்டிலிலிருந்து துள்ளி எழும்புவதும் இதற்காகத்தான். குளத்துக்குச் சக்கரம் போடலாம். வாவிக்கு? இரண்டு நாள் வானம் மூடி, பின் திடீரென்று குளிர்மழை கொட்டி அடிநீர் மேலே புரண்டால் எத்தனை கிலோமீற்றருக்கு மீன் செத்து மிதக்கும் என்பதற்கு மட்டக்களப்பில் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கரையோரம் வெள்ளையாக மீன் ஒதுங்கிய காலைகளை ஊர் கண்டிருக்கிறது. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைப் பற்றி எழுதித் தள்ளியவர்கள் நாம். மீன் மூச்சுத்திணறுவதைப் பற்றி எழுதியது குறைவு.

பழியை முழுதாகக் கூட்டின் தலையில் போடுவதும் நியாயமில்லை. வயலிலிருந்து உரமும் களைகொல்லியும் வருகின்றன. நகரத்தின் வடிகால் வருகிறது. ஆற்றுவாழை படர்ந்து அழுகுகிறது. தங்கூசி வலை குஞ்சையும் குருமனையும் வழித்தெடுக்கிறது. வாவி ஏற்கெனவே பாரம் சுமக்கிறது என்பது பண்ணைக்காரர் சொல்லும் சமாதானம். ஏற்கெனவே பாரம் சுமப்பதால்தான் புதுப் பாரத்தை நிறுத்துப் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது என் பக்கம்.

மூன்றாவது, இறால் பண்ணை. இதற்கு மட்டக்களப்பில் நீண்ட, இரத்தம் கலந்த வரலாறு உண்டு. இலங்கையின் வணிக இறால் வளர்ப்பு 1970களின் கடைசியில் தொடங்கியது இந்தக் கிழக்குக் கரையில்தான். பின்னால்தான் அது புத்தளம், சிலாபம் பக்கம் போனது. போனதற்கு மண்ணும் நீரும் காரணமில்லை, போர்தான் காரணம். 1987 ஜனவரி கடைசியில் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையில் ஊர்மக்கள் பலர் கொல்லப்பட்டபோது, மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலைசெய்த இளைஞர்களும் அவர்களில் இருந்தார்கள். படுவான்கரையில் இறால் பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் வயது போனவர்களுக்கு ஏற்றுமதியோ அந்நியச் செலாவணியோ முதலில் நினைவுக்கு வராது. அந்தப் பகுதியில் புதிய பண்ணைக்கு இடம் பார்க்கப்போகும் உத்தியோகத்தர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வடமேற்குக்குப் போன தொழில் அங்கே என்ன ஆனது என்பது மட்டக்களப்புக்கு இலவசமாகக் கிடைத்த பாடம். புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையே முந்தல் களப்பையும் டச்சுக் கால்வாயையும் நம்பி நூற்றுக்கணக்கான பண்ணைகள் முளைத்தன. கண்டல் வெட்டப்பட்டது. நீர் எடுப்பதும் அந்தக் கால்வாயில், கழிவுநீர் விடுவதும் அந்தக் கால்வாயில். ஒரு பண்ணையின் கழிவு அடுத்த பண்ணையின் குடிநீரானது. 1996இல் வெண்புள்ளி வைரசு வந்தது. குளம் குளமாக இறால் செத்தது. இரண்டு வருடத்தில் மறுபடியும் அடித்தது. மனிதருக்கு அந்த வைரசால் தீங்கில்லை, ஆனால் நண்டும் காட்டு இறாலும் அதைச் சுமந்து திரியும். பிறகுதான் பிரதேசங்களை வலயமாகப் பிரித்து, எந்த வலயம் எந்த மாதம் குஞ்சு விடலாம் என்ற நாட்காட்டி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது நோயைத் தள்ளிவைக்கும் நாட்காட்டி. களப்பு எவ்வளவு கழிவைத் தாங்கும் என்ற கணக்கு அதில் இல்லை. கைவிடப்பட்ட குளங்கள் உப்புப் பூத்து, நெல்லும் விளையாமல் கண்டலும் முளைக்காமல் இன்றும் அங்கே கிடக்கின்றன.

போர் முடிந்தபின் பண்ணைகள் மட்டக்களப்புக்குத் திரும்பின. அறுவடை முடிந்து குளத்தைத் திறந்துவிடும் நாளில் வாய்க்கால் வழியே போகிற கறுப்புச் சேற்றை அருகே நின்று பார்த்தவருக்கு வரைபடம் தேவையில்லை. அழுகிய முட்டை நாற்றம் முந்திக்கொண்டு வரும். அந்த வாய்க்கால் வாவியில் விழும் இடத்தில்தான் அத்தாங்கோடு இறால் வாரும் ஏழைகளும் நிற்பார்கள், ஏனென்றால் சேற்றுக்குப் பின்னால் தப்பிவரும் இறாலும் அங்கேதான் கிடைக்கும். வயலுக்குப் பக்கத்தில் குளம் வெட்டினால் உப்பு கசிந்து வரம்பைத் தாண்டும். மறுபக்கம், வயலுக்கு அடித்த பூச்சிமருந்து இறாலைக் கொல்லும். விவசாயியும் பண்ணைக்காரரும் ஒருவரையொருவர் நஞ்சூட்டும் இந்த அண்டைவீட்டுத்தனத்துக்கு நடுவர் கிடையாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. ஊரில் நக்டா என்பார்கள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1993இல் வந்த வர்த்தமானி, நான்கு ஹெக்டேயருக்கு மேற்பட்ட நீருயிரின வளர்ப்புத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் வாவிமுகத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரை கையை நீட்டியது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நீர்நிலையின் ஓர நிலத்தையும் சேர்த்துக்கொண்டது. பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது, சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. கண்டல் காட்டுக்கு வனத் திணைக்களம், அரச காணிக்குப் பிரதேச செயலாளர், வியாபார அனுமதிக்குப் பிரதேச சபை, இடையில் மாகாண அமைச்சு.

இவ்வளவு பேர் காவல் இருந்தும் களவு போகிற வழி எது? நான்கு ஹெக்டேயர் என்ற கோட்டையே பாருங்கள். மூன்றரை ஹெக்டேயர் பண்ணைக்கு, பாதுகாக்கப்பட்ட இடங்களை ஒட்டி அமையாத வரையில், அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. பக்கத்தில் இன்னொரு மூன்றரை வந்தால் அதற்கும் இல்லை. பத்துப் பண்ணை வரிசையாக வந்தால் முப்பத்தைந்து ஹெக்டேயர் கழிவு ஒரே வாய்க்காலில் விழும். காகிதத்தில் அவை பத்துச் சின்னத் திட்டங்கள். உரிமம் ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியே பார்க்கிறது. வாவி அப்படிப் பிரித்துப் பார்க்காது. என் முழு வாதமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: கண்காணிப்பு குளத்துக்குக் குளம் நடக்கும் வரையில், ஒவ்வொரு பண்ணையும் சட்டப்படி சரியாக இருந்துகொண்டே வாவி கெட்டுப்போகலாம்.

இன்னொரு கோளாறு, நக்டாவின் பெயரிலேயே இருக்கிற அபிவிருத்தி. குஞ்சு கொடுப்பதும், முதலீட்டாளரைக் கூட்டிவருவதும், உற்பத்தி இலக்கு வைப்பதும், உரிமம் கொடுப்பதும், மீறினால் உரிமத்தை ரத்துச் செய்வதும் ஒரே நிறுவனத்தின் வேலை. அங்கே நல்ல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வருட இறுதியில் எத்தனை தொன் என்று கேட்கப்படும் ஒருவரிடம், எத்தனை பண்ணையை நிறுத்தினாய் என்றும் கேட்டால் அவர் எந்தக் கேள்விக்குப் பயப்படுவார் என்பது வெளிச்சம். நீரின் தரத்தை ஆராய நாரா என்கிற தேசிய நீரியல் வளங்கள் ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. அளப்பவர்களின் முடிவு உரிமம் கொடுப்பவரைக் கட்டுப்படுத்தாத வரை அளவீடு நூலகத்துக்குத்தான் போகும். 2022இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராகச் சிறு மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியதும் இந்தக் கோளாறின் இன்னொரு முகம்: வேலி இறங்கிய பிறகுதான் அங்கே யார் காலாகாலமாக வலை போட்டார்கள் என்ற விசாரணை.

மட்டக்களப்புக்கு நீரை ஆளத் தெரியாதா? வயலில் தெரியும். ஒவ்வொரு வட்டைக்கும், அதாவது வயற்கண்டத்துக்கும், ஒரு வட்டவிதானை உண்டு. எந்த வாய்க்கால் எப்போது திறக்கும், எவர் வரம்பை வெட்டினார், மாடு யாருடையது என்று அவருக்குத் தெரியும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பெரிய போடியாரும் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். முகத்துவாரம் வெட்டுகிற விஷயத்திலும் ஒரு பேச்சுவார்த்தை நடக்கத்தான் செய்கிறது: வயல்காரர் வெட்டச் சொல்வார், வாவி மீனவர் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார், மாவட்டச் செயலகத்தில் தீர்மானமாகும். மீன் வளர்ப்பின் கழிவுக்கு மட்டும் அப்படியொரு மேசை இல்லை.

அடுத்த வீட்டில் நடந்ததையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் நாகப்பட்டினக் கரையில் இறால் பண்ணைகளை எதிர்த்துக் காந்தியவாதி ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசெம்பர் 11இல் தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை வலயத்துக்குள்ளும், சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீற்றருக்குள்ளும் நவீன இறால் பண்ணை கூடாது, இருப்பதை அகற்று என்றது. ஏரியையே அலகாக வைத்து எல்லை போட்டது அந்தத் தீர்ப்பின் அழகு. அதற்குப் பின் அரசியல் புகுந்தது. 2005இல் கடலோர நீருயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, தீர்ப்பு மூடிய கதவைப் பெரிதும் திறந்துவிட்டது.

நன்னீர் ஏரிக்கு ஆந்திராவின் கொல்லேறுவைச் சொல்லலாம். முதலில் மீனவர் கூட்டுறவுகளுக்கு அரசே மீன்குளம் வெட்டிக் கொடுத்தது. பிறகு வெளிமுதலாளிகள் குத்தகைக்கு எடுத்து ஏரியை வரப்பு வரப்பாக அடைத்தார்கள். வெள்ளம் வடிய வழியில்லாமல் போனது. 1999இல் சரணாலயம், 2002இல் ராம்சார் பட்டியல், 2006இல் வெடிவைத்தும் இயந்திரம் விட்டும் வரப்புகளை உடைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் வெடிமருந்துச் செலவு மிச்சம். பிலிப்பைன்சின் லகுணா ஏரியில் 1980களின் தொடக்கத்தில் பரப்பில் மூன்றிலொன்றை மீன்வேலிகள் பிடித்துக்கொண்டன. தோணிக்காரருக்கும் வேலிக்காரருக்கும் அடிதடி. அதே நாட்டின் தால் ஏரியில் 2011 மே கடைசியில் கூடுகளில் ஆயிரம் தொன்னுக்கு மேல் மீன் செத்தது. காரணம் நாம் மேலே பார்த்த அதே விடியப்புறக் கணக்கு: அளவுக்கு மீறிய மீன், மாறிய காலநிலை, தீர்ந்த ஒட்சிசன்.

மட்டக்களப்புக்கு இந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. அதனால்தான் இப்போது பேசுவதில் பயன் உண்டு. தீனி போடாத குளத்து வளர்ப்பை நான் முழுமனதோடு ஆதரிப்பேன். குஞ்சு எந்த இனம் என்பதை மட்டும் கறாராகப் பார்க்க வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு மக்களின் குடிநீராகிறது. அங்கே தீனிக் கூடு ஒன்றுகூட இறங்கக் கூடாது என்று எழுத்தில் வர வேண்டும். இறால் பண்ணைக்கு, கழிவைத் தேக்கிச் சேறு படியவைக்கும் தனிக்குளம் இல்லாமல் உரிமம் புதுப்பிக்கலாகாது. நீர் எடுக்கும் வாய்க்காலும் விடும் வாய்க்காலும் ஒன்றாக இருக்கலாகாது. நான்கு ஹெக்டேயர்க் கோட்டை ஒரு பண்ணைக்கு வைக்காமல், ஒரே வாய்க்காலில் விழும் எல்லாப் பண்ணைகளுக்கும் சேர்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சட்டத்தைப் புதிதாக எழுத வேண்டியதில்லை, வர்த்தமானி ஒன்று போதும்.

தாங்குதிறனை அளப்பதற்குக் கப்பல் வேண்டாம். ஒட்சிசன் மானி, உப்புமானி, பொசுபரசுக்கு நீர் மாதிரி, ஒரு தோணி. வடக்கிலிருந்து தெற்குவரை நிரந்தரமாகச் சில இடங்கள். அளக்க வேண்டிய காலம் முகத்துவாரம் வெட்டுவதற்கு முந்திய செப்டெம்பர், ஒக்டோபர்; நீர் வற்றி, வாய் அடைத்து, சூடேறிய அந்த வாரங்களின் விடியப்புறம். நல்ல மாரியில் அளந்த நீரைக் காட்டி உரிமம் கேட்பவரிடம், கோடையில் அளந்ததைக் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்ப ஒரு உத்தியோகத்தருக்கு அதிகாரம் வேண்டும். வாவி மீனவர் சங்கங்களும் வயல்காரர்களும் இருக்கும் மேசையில் அந்த எண்களை வாசிக்க வேண்டும். வாகரைத் திட்டங்களின் கோப்பில் முதலில் சேர வேண்டிய தாள், முதலீட்டுத் தொகைக்கும் வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்கும் முன்னால், இந்த அளவுத் தாள்.